பிக்கப் வண்டியின் பவர் ஸ்டியரிங் ரேக்கை வீட்டில் மாற்றுவது: கழற்றும் முன்பும் மாட்டிய பிறகும் என்னென்ன பார்க்க வேண்டும்?

மண்பாதை (கேள்வி):

வண்டி ஏணிச் சேசிஸ் உள்ள 4×4 பிக்கப். ஹைட்ராலிக் ரேக் (ஸ்டியரிங் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பல்தண்டு அமைப்பு), பம்ப் என்ஜின் பெல்ட்டில் ஓடுகிறது. வாரத்துக்கு ஒருமுறை ஸ்டியரிங் ஆயில் டப்பாவில் மட்டம் இறங்கிவிடுகிறது. டிரைவர் பக்க பூட்டை (boot, ரேக் முனையை மூடும் மடிப்பு ரப்பர் உறை) பிதுக்கினால் உள்ளே ஆயில் குலுங்குகிறது, அடிப்பக்க மடிப்பில் துளி கோர்த்து நிற்கிறது. வண்டி நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை இடவலமாக ஆட்டினால் லேசாக ஒரு 'டொக்' சத்தமும் கேட்கிறது.

ரேக்கை முழுசாக மாற்றுவதாக முடிவு. இரண்டு டன் ஜாக்கி, நான்கு ஸ்டாண்ட், ஸ்பேனர் செட், டார்க் ரெஞ்ச் எல்லாம் இருக்கின்றன. தரை சிமென்ட், சமதளம். லிஃப்ட் கிடையாது. பிரேக், சஸ்பென்ஷன் வேலைகள் பழக்கம்தான், ஸ்டியரிங் பக்கம் போனதில்லை.

கேட்க நினைப்பது இவை. ரேக்தான் போயிருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது? கழற்றும்போது எதைத் தொட்டால் பெரிய செலவு வரும்? புது ரேக் போட்ட சில மாதங்களிலேயே மறுபடி ஒழுகுவதாகப் பலர் சொல்கிறார்கள், அதற்குக் காரணம் என்ன? டோ அளவை (முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு) வீட்டில் எவ்வளவு நெருக்கமாக வைக்க முடியும்?

ஆயில்சீல்:

பூட்டுக்குள் ஆயில் இருந்தால் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. ரேக் தண்டின் ஓரத்தில் இருக்கும் உள் சீல் போய்விட்டது. பூட்டுக்குள் இருக்க வேண்டியது கொஞ்சம் கிரீஸ் மட்டுமே. உங்கள் விஷயத்தில் ரேக் மாற்றும் முடிவு சரிதான்.

ஆனால் பூட்டு காய்ந்திருந்து, ரேக் உடம்பு மட்டும் நனைந்திருந்தால் அவசரப்படக் கூடாது. பிரஷர் ஹோஸின் மேல் முனையிலோ டப்பாவின் கிளிப்பிலோ கசியும் ஆயில் குழாய் வழியாகவே இறங்கி வந்து ரேக்கின் மேல் சொட்டும். பார்ப்பவருக்கு ரேக்கே ஒழுகுவது போலத் தெரியும். பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்து, என்ஜினை ஓடவிட்டு, இன்னொருவரை மெதுவாக லாக் முதல் லாக் வரை (ஒரு பக்கக் கடைசியிலிருந்து மறு பக்கக் கடைசி வரை) திருப்பச் சொல்லி, எந்த இடம் முதலில் ஈரமாகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். விரலால் தடவிப் பார்க்காதீர்கள், அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். முழு லாக்கில் அழுத்தம் 70 பாருக்கு மேல் போகும். ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து வரும் பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சின்னதாகத் தெரிந்தாலும் அது அறுவை சிகிச்சை வரை இழுக்கும்.

'டொக்' சத்தத்தைத் தனியாகத் தேட வேண்டும், அதற்கு ரேக் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். நான்கு சக்கரமும் தரையில், என்ஜின் ஓட, ஒருவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியுமாக ஒரு சாண் அளவுக்கு ஆட்டட்டும். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் கை வைத்துப் பாருங்கள். வெளி டை ராடு எண்டில் (ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் வெளி முனை மூட்டு) கை வைத்தால் ஆட்டம் விரலிலேயே தெரியும். உள் டை ராடை பூட்டுக்கு மேலாகப் பிடித்துப் பாருங்கள். ரேக் உடம்பே சேசிஸில் பக்கவாட்டில் நகர்ந்தால் மவுண்ட் புஷ் போயிருக்கிறது. மூன்றும் இறுக்கமாக இருந்தால் மேலே ஸ்டியரிங் தண்டின் யூனிவர்சல் ஜாயிண்டைப் பாருங்கள். அதை விட்டுவிட்டு ரேக் மாற்றினால் சத்தம் அப்படியே இருக்கும், புது ரேக் மேல் பழி விழும்.

சீல் கிட் போட்டால் போதாதா என்று யாராவது கேட்பார்கள். பழைய பூட்டு கிழிந்து தண்ணீர் உள்ளே போயிருந்தால் தண்டில் துருப்புள்ளிகள் இருக்கும். நகத்தால் வருடினால் தட்டுப்படும். அந்தத் தண்டில் எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் சீலின் உதட்டை அது அறுத்துக்கொண்டே இருக்கும். பின்னியன் (ரேக்கை நகர்த்தும் பல் தண்டு) வால்வின் டெஃப்லான் வளையங்களை விரித்துப் போட்டு மறுபடி சுருக்குவதற்கும் தனிக் கருவி வேண்டும். வீட்டில் முழு ரேக் போடுவதே சரி.

பதினேழாம்ஸ்பேனர்:

கழற்றும் வரிசை சொல்கிறேன்.

முந்தைய நாள் இரவே டை ராடு செக் நட் (எண்டு சுற்றாமல் பூட்டும் நட்), கேஸ்டில் நட் (ஸ்ப்ளிட் பின் போகும் வெட்டுள்ள நட்), ரேக் மவுண்ட் போல்ட், ஸ்டியரிங் தண்டின் பிஞ்ச் போல்ட் (கப்ளரை இறுக்கும் போல்ட்) எல்லாவற்றிலும் துருநீக்கும் ஆயில் அடித்து ஊறவிடுங்கள். காலையில் இன்னொரு தடவை.

முதலில் சக்கரத்தை நேராக்கி, சாவியை எடுத்து, ஸ்டியரிங் லாக் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஸ்டியரிங் லாக்கை மட்டும் நம்பாமல், சீட் பெல்ட்டை ஸ்டியரிங் ஆரத்துக்குள் விட்டு பக்கிளில் மாட்டிவிடுங்கள். எதைத் தொட்டால் செலவு என்று கேட்டீர்களே, முதல் பதில் இதுதான். கீழே தண்டைக் கழற்றிய பிறகு மேலே ஸ்டியரிங் தடையே இல்லாமல் சுற்றும். ஏர்பேக், ஹாரனுக்கான கிளாக் ஸ்பிரிங் இருபுறமும் சில சுற்றுதான் தாங்கும், அதற்கு மேல் போனால் உள்ளே இருக்கும் நாடா அறுந்துவிடும். மாற்றிய ரேக் அருமையாக வேலை செய்யும், டேஷில் ஏர்பேக் விளக்கு அணையாது.

பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, முன்பக்கம் தூக்கி, ஸ்டாண்டை சேசிஸில் வையுங்கள். சஸ்பென்ஷனின் கீழ்க் கையில் வைத்தால் ரேக்கை வெளியே இழுக்க இடம் கிடைக்காது. ஸ்டாண்டில் இறக்கிய பிறகு வண்டியைத் தோளால் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். ஆடினால் உள்ளே போகாதீர்கள்.

டை ராடு: எண்டு இன்னும் நக்கிளில் (சக்கர ஹப்பைத் தாங்கித் திருப்பும் பாகம்) மாட்டியிருக்கும்போதே செக் நட்டைத் தளர்த்திவிடுங்கள். எண்டை முதலில் விடுவித்துவிட்டால் எல்லாம் சேர்ந்து சுற்றும், பிடிமானம் கிடைக்காது. டை ராடின் தட்டையான பக்கத்தை ஒரு ஸ்பேனரில் பிடித்து, செக் நட்டை இன்னொன்றில் திருப்புங்கள். பிறகு ஸ்ப்ளிட் பின்னை எடுத்து, கேஸ்டில் நட்டைச் சில சுற்று மட்டும் தளர்த்தி அப்படியே விடுங்கள். டேப்பர் விடும்போது எண்டு தெறிக்காமல் நட் தடுக்கும். விடுவிக்க ஸ்க்ரூ வகைப் புல்லர் போதும். இல்லையென்றால் நக்கிளின் காது பகுதியில் பக்கவாட்டில் சுத்தியலால் இரண்டு மூன்று நல்ல அடி. ஸ்டட் முனையில் அடித்தால் மரை மழுங்கிவிடும். கவட்டை வகைக் கருவியை எண்டைத் தூக்கிப் போடுவதாக இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள், அது ரப்பரைக் கிழிக்காமல் விடாது.

ஸ்டியரிங் தண்டு: கப்ளர் (ஸ்டியரிங் தண்டைப் பின்னியனோடு இணைக்கும் துண்டு), பின்னியன் இரண்டிலும் ஒரே கோட்டில் வெள்ளைப் பெயிண்ட் வையுங்கள். பிஞ்ச் போல்ட்டை முழுவதுமாக வெளியே எடுக்க வேண்டும். தளர்த்தினால் மட்டும் கப்ளர் வராது, ஏனென்றால் அந்த போல்ட் பின்னியனில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். இறுகியிருந்தால் கப்ளரின் பிளவில் தட்டை ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக விரியுங்கள். தண்டின் நீளவாக்கில் சுத்தியலால் அடிக்காதீர்கள். மோதலில் மடங்குவதற்காகவே செய்யப்பட்ட தண்டு அது, அடி வாங்கினால் கெட்டுவிடும்.

குழாய்கள்: டப்பாவில் இருக்கும் ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டு ரேக் பக்க இணைப்புகளுக்குப் போங்கள். இங்கே சாதாரண ஓபன் ஸ்பேனர் வேண்டாம், ஃபிளேர் நட் ஸ்பேனர் வாங்கிக்கொள்ளுங்கள். அறுகோணம் மழுங்கினால் பிரஷர் குழாயும் போச்சு. கழற்றிய உடனே குழாய் முனைகளை மூடியோ சுத்தமான பிளாஸ்டிக் சுற்றியோ அடைத்துவிடுங்கள்.

மவுண்ட் போல்ட்களை எடுக்கும் முன் ரேக்குக்கு அடியில் ஜாக்கியோ உறுதியான கட்டையோ இருக்கட்டும். 10 கிலோவுக்கு மேல் எடை, படுத்த நிலையில் முகத்துக்கு நேரே இறங்கும். 4×4 என்பதால் முன் டிஃபரென்ஷியல் வழியில் நிற்கும். ஸ்டெபிலைசர் பாரின் கிளாம்ப்களை விட்டு அதைக் கீழே இறக்கினால் பெரும்பாலும் ஒரு சக்கரப் பக்கமாக ரேக்கைச் சுழற்றிச் சுழற்றி எடுத்துவிடலாம். சில வண்டிகளில் டிஃபரென்ஷியல் மவுண்டைத் தளர்த்திச் சற்று இறக்கத்தான் வேண்டும். உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் இது இருக்கும், வேலையில் இறங்கும் முன் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். பாதி வேலையில் தெரிய வந்தால் நாள் முழுக்கப் போய்விடும்.

ஆயில்சீல்:

புது ரேக் ஏன் சீக்கிரம் ஒழுகுகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த வேலையில் என்னைக் கேட்டால் முக்கியமான பகுதி இதுதான், ஆனால் பலர் தாண்டிப் போவதும் இதைத்தான்.

கழற்றிய ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் பாருங்கள். சிவப்பு மங்கிப் பழுப்பாக இருந்தால் வயதான ஆயில், அது சாதாரணம். கறுத்துத் துகள் துகளாக இருந்தால் ஹோஸின் உள் ரப்பர் கரைந்துகொண்டிருக்கிறது. தட்டைச் சாய்க்கும்போது வெள்ளித்தூள் மினுங்கினால் பம்பின் உள்ளே தேய்மானம். அப்படி மினுங்குவதைப் பார்த்த பிறகும் பம்பை விட்டுவிட்டு ரேக்கை மட்டும் மாற்றுவது வீண் செலவு. பழைய பம்ப் கொட்டும் இரும்புத்தூள் புது ரேக்கின் வால்வுக்கும் சீலுக்கும் உப்புத்தாள் வேலை செய்யும்.

ஆயில் நன்றாகவே இருந்தாலும் குழாய்களைக் கழுவியே ஆக வேண்டும். புது ரேக்கை மாட்டி, பிரஷர் குழாயை இணைத்துவிட்டு, ரிட்டர்ன் குழாயை மட்டும் டப்பா முனையில் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள். டப்பாவில் ரிட்டர்ன் முனையை ரப்பர் மூடியால் அடைத்துவிடுங்கள். டப்பாவை நிரப்பி, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், சக்கரம் தரையில் படாத நிலையில் ஸ்டியரிங்கை மெதுவாக லாக் முதல் லாக் வரை திருப்பினால் பழைய ஆயில் பாட்டிலுக்குப் போகும். டப்பா வற்றாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். வெளியே வருவது புது ஆயிலின் நிறத்துக்கு மாறும் வரை தொடருங்கள். மொத்த அமைப்பும் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் பிடிக்கும், கழுவுவதையும் சேர்த்து மூன்று லிட்டர் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

டப்பாவின் அடியில் வலை ஃபில்டர் இருக்கும். பல வண்டிகளில் அது டப்பாவோடு ஒட்டியே வரும், தனியாகக் கழற்ற முடியாது. அது அடைத்திருந்தால் பம்புக்கு ஆயில் போதாமல் முனகும். டப்பாவையே மாற்றிவிடுங்கள்.

ஆயில் வகை: டப்பா மூடியிலும் கையேட்டிலும் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே. சில வண்டிகளுக்கு டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்), சிலவற்றுக்குத் தனிப் பவர் ஸ்டியரிங் ஆயில். இரண்டையும் கலக்காதீர்கள். பிரேக் ஆயில் ஒரு மூடி அளவு தவறிப்போய் ஊற்றினாலும் எல்லாச் சீலும் ஊதிக் கெடும். கசிவை நிறுத்தும் என்று விற்கும் திரவங்களும் சீலை ஊதவைத்தே வேலை செய்கின்றன. புது ரேக்குக்கு அது தேவையே இல்லை.

நேர்கோடு:

மேலே இருவரும் சொன்னதற்கு உடன்படுகிறேன், கழுவும் முறையில் ஒரு சேர்க்கை. கையால் திருப்பும்போது ரேக்கின் சிலிண்டரும் ரிட்டர்ன் குழாயும் சுத்தமாகும். ஆனால் பிரஷர் குழாய்க்குள்ளும் பம்புக்குள்ளும் இருப்பதைத்தான் அது புது ரேக் வழியாக வெளியே அனுப்புகிறது. அதனால் ரேக் மாட்டும் முன்பே பிரஷர் குழாயின் முனையைப் பாட்டிலில் வைத்து, எரிபொருள் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, ஸ்டார்ட்டரை இரண்டு மூன்று நொடி மட்டும் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். அரை லிட்டர் போனாலே அங்கே தேங்கியிருந்த அழுக்கு வந்துவிடும். டப்பா வற்றினால் பம்ப் காய்ந்து ஓடும், ஒருவர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். டீசல் என்ஜினில் எரிபொருளை எப்படி நிறுத்துவது என்பது மாடலுக்கு மாடல் வேறு, அது தெரியாமல் இதைச் செய்ய வேண்டாம். ஸ்டார்ட் ஆகிவிட்டால் ஆயில் கூரை வரை அடிக்கும்.

இனி புது ரேக். பெட்டியிலிருந்து எடுத்ததும் பழையதன் பக்கத்தில் தரையில் வைத்து ஒப்பிடுங்கள். மவுண்ட் துளைகளுக்கு இடையே தூரம், குழாய்த் துளைகளின் கோணம், மரை அளவு, பின்னியன் தண்டின் நீளம், பல் எண்ணிக்கை. வலது கை டிரைவ், இடது கை டிரைவ் ரேக்குகள் எதிரெதிராக இருக்கும், பாகம் எண் ஓரெழுத்து மாறினாலும் வேறு ரேக். பழையதைத் திருப்பிக் கொடுத்தால் பணம் கழிப்பார்கள் என்றால் அதன் உடம்பை உடைக்காமல் வைத்திருங்கள்.

நடு நிலை கண்டுபிடிப்பது: பின்னியனை ஒரு பக்க லாக் வரை திருப்பி, மறு பக்க லாக் வரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். மொத்தம் மூன்றரைச் சுற்று என்றால் ஒன்றே முக்கால் திரும்பி வந்தால் நடு. துளைகளில் பிளாஸ்டிக் மூடி இருக்கும்போது வேகமாகத் திருப்பாதீர்கள், உள்ளே இருக்கும் ஆயில் போக வழியில்லாமல் சீலை அழுத்தும். மூடிகளை லேசாகத் தளர்த்தி, அடியில் துணி வைத்து மெதுவாகத் திருப்புங்கள். சரிபார்க்க, இரு பக்கத்திலும் தண்டு உடம்பிலிருந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளந்து பாருங்கள். எல்லா ரேக்கும் சமச்சீர் கிடையாது, அதனால் பழைய ரேக்கையும் அதேபோல் நடுவில் வைத்து அளந்து ஒப்பிடுவது நல்லது.

மாட்டும்போது ஒன்றை மறக்க வேண்டாம். மவுண்ட் போல்ட்களை முதலில் கையால் மட்டும் பிடிக்கவையுங்கள். ரேக் சற்று அசையும் நிலையில் இருக்கும்போதே இரண்டு குழாய்களையும் விரலால் மூன்று நான்கு சுற்று மரையேற்றிவிடுங்கள். அதன் பிறகே மவுண்டை டார்க்கில் இறுக்குங்கள். ரேக்கை முதலில் இறுக்கிவிட்டு, வளைந்த இரும்புக் குழாயை வலுக்கட்டாயமாக இழுத்து மாட்டினால் மரை குறுக்கே ஏறும். ரேக் உடம்பு அலுமினியம், நட் இரும்பு. ஒரே சுற்றில் புது ரேக்கின் மரை போய்விடும், அதைச் சரிசெய்ய வழி கிடையாது. குழாய் முனையின் ஓ ரிங், டெஃப்லான் வளையம், செம்பு வாஷர் எது இருந்தாலும் புதிது போடுங்கள். பழைய வாஷர் பழைய ரேக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்றும் பாருங்கள். சில சமயம் குழாயிலேயே ஒட்டியிருக்கும், அதன் மேல் புதிது போட்டால் இரட்டையாகிக் கசியும்.

ரேக்கை நடுவிலும் ஸ்டியரிங்கை நேராகவும் வைத்துக் கப்ளரை ஏற்றுங்கள். பிஞ்ச் போல்ட் விரலாலேயே வழுக்கிப் போக வேண்டும். இடித்தால் கப்ளர் முழுதாக உட்காரவில்லை, தட்டி உள்ளே விடாதீர்கள். புது ரேக்கில் பெயிண்ட் கோடு இருக்காது என்பதால் நடு நிலையும் ஸ்டியரிங்கின் நேர் நிலையும்தான் அடையாளம். பின்னியனில் 36 பல் இருந்தால் ஒரு பல் தவறினால் ஸ்டியரிங் 10 டிகிரி கோணலாக நிற்கும். அதைச் சரிசெய்ய ஸ்டியரிங் வீலைக் கழற்றி மாட்டக் கூடாது, டை ராடிலும் ஈடுகட்டக் கூடாது. கப்ளரை மறுபடி இறக்கி ஒரு பல் மாற்றுவதே முறை.

ரேக்கின் அடியில் செக் நட்டோடு ஒரு பெரிய திருகு தெரியும், பல் அழுத்தத்துக்கானது. ஆலையில் வைத்த அளவு அது. ஆட்டம் இருக்கிறது என்று அதை இறுக்கினால் திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது.

மண்பாதை:

மிகத் தெளிவு, நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். புது ரேக்குடன் உள் டை ராடும் சேர்ந்தே வருகிறது, பழைய மரை எண்ணிக்கையை அப்படியே வைத்தால் டோ சரியாக வருமா? பிறகு, ஒரு மவுண்ட் போல்ட்டில் நட் கழன்றுவிட்டது, ஆனால் போல்ட் புஷ்ஷோடு சேர்ந்து சுற்றுகிறது. வெளியே வர மறுக்கிறது.

பதினேழாம்ஸ்பேனர்:

போல்ட்: புஷ்ஷின் நடுவில் இருக்கும் இரும்புக் குழலும் போல்ட்டும் துருவால் ஒன்றாகிவிட்டன. குழல் ரப்பருக்குள் சுற்றுகிறது. திருப்பிக்கொண்டே இருந்தால் பயனில்லை. நட்டை மரையின் முனைக்குச் சமமாக வரும் வரை மறுபடி ஏற்றி, அதன் மேல் கனமான சுத்தியலால் நேராக அடியுங்கள். நட் இல்லாமல் அடித்தால் முனை காளான் மாதிரி விரிந்துவிடும். அசையவில்லை என்றால் ரம்பக் கத்தியை மவுண்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையே விட்டு போல்ட்டையே அறுத்துவிடுங்கள். புஷ் எப்படியும் ரேக்கோடு போகப் போகிறது. சேசிஸ் பிராக்கெட்டையும் ரேக் உடம்பையும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தீ வைத்துச் சூடாக்கும் வழியும் உண்டு. ஆனால் ஆயில் சொட்டிய ரேக், ரப்பர் ஹோஸ், பூட்டு எல்லாம் ஒரு சாண் தூரத்தில் இருக்கும் இடம் அது. அறுப்பதே பாதுகாப்பு.

புது போல்ட் அதே தரத்தில் வேண்டும். தலையில் 10.9 என்று இருந்தால் 8.8 போடக் கூடாது. பல பிக்கப்களில் இந்த போல்ட்களின் டார்க் 100 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். மாட்டும்போது போல்ட்டின் மழுமழுப்பான பகுதியில் மட்டும் துருத்தடுப்புப் பசை பூசுங்கள். மரையில் பட்டால் அதே டார்க்குக்கு போல்ட் கூடுதலாக இழுபடும்.

எண்டு மாட்டும்போது கேஸ்டில் நட்டை டார்க்கில் இறுக்கிய பிறகு பின் துளை நேராக வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்குங்கள். பின்னோக்கித் தளர்த்தக் கூடாது. ஸ்ப்ளிட் பின் புதிது, பழையதை நிமிர்த்திப் போடாதீர்கள்.

நேர்கோடு:

மரை எண்ணிக்கை பழைய தண்டுக்குத்தான் பொருந்தும். புது உள் டை ராடின் நீளமோ மரை தொடங்கும் இடமோ சில மில்லிமீட்டர் மாறினாலே கணக்கு தவறும். எண்ணுவதற்குப் பதிலாக அளங்கள். இரண்டு ரேக்கையும் நடுவில் வைத்து, தரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி, ஒவ்வொரு பக்கமும் எண்டின் ஸ்டட் மையத்திலிருந்து அருகே உள்ள மவுண்ட் துளையின் மையம் வரை எடுங்கள். புதியதில் அதே அளவு வரும் வரை எண்டைத் திருகுங்கள்.

இதில் ஏன் இவ்வளவு கவனம் என்றால், மரை 1.5 மிமீ பிட்ச், நக்கிளின் கை 150 மிமீ என்று வைத்துக்கொண்டால் ஒரே ஒரு சுற்றுத் தவறு சக்கரத்தை அரை டிகிரிக்குச் சற்று மேல் திருப்பும். 750 மிமீ விட்டமுள்ள டயரில் முன் ஓரத்துக்கும் பின் ஓரத்துக்கும் 7.5 மிமீ வித்தியாசம். டோ அளவு பொதுவாக மொத்தமாகவே சில மில்லிமீட்டர்தான். அப்படியே ஓட்டினால் டயரின் ஓரம் இறகு போல் தேய்ந்துவிடும்.

வீட்டில் டோ பார்க்க: எல்லாம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் சில அடி உருட்டி சஸ்பென்ஷனைப் பழைய நிலைக்கு வரவிடுங்கள். ஸ்டியரிங் நேர். முன் டயர் இரண்டிலும், முன்பக்கத்தில், ஹப் உயரத்தில், டிரெட் நடுவில் சாக்பீஸால் மெல்லிய கோடு. இரண்டு கோட்டுக்கும் இடையே அளவெடுங்கள். இப்போது வண்டியை முன்னோக்கி உருட்டி அதே கோடுகள் பின்பக்கத்தில் ஹப் உயரத்துக்கு வரும்போது நிறுத்தி மறுபடி அளங்கள். ஒரே கோட்டை இரண்டு இடத்திலும் அளப்பதால் டயரின் கோணல் கணக்கில் வராது. பின் அளவு அதிகமாக இருந்தால் டோ-இன், முன் அளவு அதிகமாக இருந்தால் டோ-அவுட். ரேக் ஆக்சிலுக்கு முன்னால் இருக்கும் வண்டியில் டை ராடை நீட்டினால் டோ-அவுட் ஆகும், பின்னால் இருந்தால் டோ-இன். இரு பக்கமும் சமமாகத் திருப்புங்கள், ஒரு பக்கத்தை மட்டும் திருப்பினால் ஸ்டியரிங் கோணலாகும். திருப்பும் முன் பூட்டின் வெளிக் கிளிப்பை விடுங்கள். இல்லாவிட்டால் பூட்டும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும், சில மாதத்தில் மடிப்பில் கிழியும். முடிந்ததும் செக் நட்டை இறுக்க மறக்க வேண்டாம்.

இவ்வளவும் அலைன்மென்ட் செய்யும் இடம் வரை ஓட்டிப் போவதற்கு. அங்கே மெஷினில் வைத்துத்தான் முடிக்க வேண்டும். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் உள்ள வண்டியானால் ஸ்டியரிங் கோண சென்சாரின் பூஜ்ய நிலையையும் அங்கேயே ஸ்கேனரில் வைத்துவிடச் சொல்லுங்கள். சில மாடல்களில் லாக் முதல் லாக் திருப்பி நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டினால் தானாகக் கற்றுக்கொள்ளும், சிலவற்றில் ஸ்கேனர் இல்லாமல் விளக்கு அணையாது.

ஆயில்சீல்:

காற்று எடுப்பது மட்டும் பாக்கி. ரிட்டர்ன் குழாயை மாட்டி, டப்பாவை நிரப்பி, பதினைந்து நிமிடம் சும்மா விடுங்கள். என்ஜினை உடனே ஸ்டார்ட் செய்தால் பம்ப் காற்றையும் ஆயிலையும் சேர்த்துக் கலக்கும். அப்படிப் பொடிக் குமிழாகிவிட்ட காற்று வெளியே வர மணிக்கணக்கில் ஆகும்.

சக்கரங்கள் தூக்கிய நிலையில், என்ஜின் நிறுத்தியபடியே, ஸ்டியரிங்கை லாக் முதல் லாக் வரை இருபது தடவை மெதுவாகத் திருப்புங்கள். லாக்கில் இடிக்காமல் தொட்டுத் திரும்புங்கள். டப்பாவில் பெரிய குமிழ்கள் எழும், மட்டம் இறங்கும், ஊற்றுங்கள். குமிழ் நின்றதும் என்ஜினைச் சில நொடி மட்டும் ஓடவிட்டு நிறுத்தி மட்டம் பாருங்கள். இறங்காமல் நின்றால் ஐடிலில் ஓடவிட்டு மறுபடி மெதுவாகத் திருப்புங்கள். லாக்கில் இரண்டு மூன்று நொடிக்கு மேல் பிடிக்காதீர்கள், பம்ப் சூடேறும்.

ஆயில் வெளிறி, நுரை படர்ந்து தெரிந்தால் நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். காற்று மிச்சமிருக்கிறதா என்று பார்க்க நல்ல சோதனை ஒன்று உண்டு. என்ஜின் சூடாகி ஐடிலில் ஓடும்போது டப்பாவின் மட்டத்தைப் பேனாவால் குறியுங்கள், என்ஜினை நிறுத்துங்கள். மட்டம் 5 மிமீக்கு மேல் ஏறினால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. அழுத்தத்தில் சுருங்கியிருந்த காற்று விரிவதால்தான் மட்டம் ஏறுகிறது.

எத்தனை தடவை எடுத்தும் நுரை வந்துகொண்டே இருந்தால் டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸைப் பாருங்கள். அது உறிஞ்சும் பக்கம், அதனால் ஆயில் வெளியே கசியாது, காற்று உள்ளே போகும். காய்ந்து போன ஹோஸோ தளர்ந்த கிளிப்போ பம்பு வாயிலின் ஓ ரிங்கோ காரணமாக இருக்கும். கசிவு எங்கும் தெரியாததால் பலர் பம்பையே மாற்றிவிடுகிறார்கள்.

ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் கனமாக இருந்தாலோ, கையை எடுத்தால் ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனாலோ அது காற்று கிடையாது, ரேக்கின் வால்வு. ஓட்டிப் பார்க்க வேண்டாம், ரேக்கைத் திருப்பிக் கொடுங்கள். இரண்டு பக்கமும் கனமாக இருந்தால் குழாய்த் துளையில் பிளாஸ்டிக் மூடியின் துண்டு மாட்டியிருக்கிறதா, பம்ப் பெல்ட்டில் ஆயில் பட்டு வழுக்குகிறதா என்று பாருங்கள்.

இரண்டு பூட்டையும் இணைக்கும் சிறிய காற்றுக் குழாய் உங்கள் வண்டியில் இருந்தால் அதை மாட்டினீர்களா என்றும் பார்த்துவிடுங்கள். ரேக் ஒரு பக்கம் போகும்போது அந்தப் பக்கப் பூட்டு நீளும், மறு பக்கப் பூட்டு சுருங்கும், சுருங்கும் பூட்டின் காற்று நீளும் பூட்டுக்குப் போக வேண்டும். வழி அடைத்திருந்தால் ஒரு பூட்டு பலூனாக ஊதும், இன்னொன்று உள்ளிழுத்துக்கொண்டு தண்டில் உரசும்.

முதல் ஓட்டம் காலி இடத்தில், நடை வேகத்தில். திரும்பி வந்ததும் இணைப்புகளின் அடியில் அட்டை விரித்து ஒரு இரவு விடுங்கள். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மவுண்ட் போல்ட், பிஞ்ச் போல்ட், செக் நட் மூன்றையும் டார்க் ரெஞ்சில் மறுபடி பாருங்கள். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் மூடிய கேனில் சேர்த்து, பழைய என்ஜின் ஆயில் வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.